கோரைக்குப் பட்டினி, அருகுக்கு வெயில்

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கிவிட்டது. பெங்களூர் வாசகர்களின் கடிதங்களில் இந்த முறை கத்தரிப் புழுவும் இல்லை, தக்காளி இலைச் சுருட்டையும் இல்லை. எல்லாம் களைப் புலம்பல்தான், அதுவும் பிடுங்கப் பிடுங்க வருகிற களைகள். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். வேலையைத் தொடங்கத் தை, மாசியை விட்டால் இந்த ஊரில் வேறு மாதம் கிடையாது.

"அக்கா, எங்கள் வீட்டை ஒட்டிய காலி சைட்டில் ஓனரிடம் கேட்டுக்கொண்டு காய்கறி போடுகிறோம். மேடாக்குவதற்கு இரண்டு லோடு செம்மண் அடித்தோம். அதிலிருந்து கோரை கிளம்பி, வெண்டை வரிசை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஆள் விட்டுக் கொத்தினோம். கொத்தக் கொத்த அடர்த்தியாகத்தான் வருகிறது. மண்ணையே மாற்றிவிடலாமா?"
– ராமமூர்த்தி நகர் வாசகி

மாற்றாதீர்கள் அம்மா. அடுத்த லோடும் இதே லட்சணத்தில்தான் வரும். அஸ்திவாரம் தோண்டிய அடிமண்ணாக இருந்தால் அதில் கோரை இருக்காது. மேல்மண் என்றால் கிழங்கு இருக்க வாய்ப்பு அதிகம். லாரிக்காரர் இரண்டையும் கலந்து கொட்டிவிட்டுப் போய்விடுவார். இனி எப்போது மண் வாங்கினாலும், லோடு இறக்கும் முன்பே ஒரு பக்கெட் மண் கேட்டு வாங்கி, நனைத்து, வெயிலில் இரண்டு வாரம் வையுங்கள். கோரை இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தலைகாட்டிவிடும்.

இப்போது இருக்கிற கோரைக்கு வருவோம். ஆள் விட்டுக் கொத்துவதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் பாத்தியில் கோரை அடர்ந்ததற்குப் பாதிக் காரணம் அந்த மண்வெட்டி.

ஒரு கோரையை நிதானமாகத் தோண்டிப் பாருங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் வெள்ளைத் தண்டும், அதன் அடியில் சிறு குமிழும் கையோடு வரும். "வேரோடு வந்துவிட்டது" என்று நம் ஆட்கள் சந்தோஷமாகத் தூக்கி எறிவது அதைத்தான். கிழங்கு இன்னும் கீழே இருக்கிறது. குமிழிலிருந்து கறுத்த, முரட்டு நார் ஒன்று மண்ணுக்குள் ஓடும். அதில் ஒரு விரல்கடைக்கு ஒன்றாக, கடலை அளவிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு வரை கிழங்குகள் கோத்துக் கிடக்கும். மேலே கறுப்புத் தோல். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, கற்பூரம் கலந்த ஒரு வாசனை. பெரும்பாலான கிழங்குகள் மேலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். சில ஒரு அடிக்கும் கீழே போய்விடும்.

சரம் அறுபடாமல் இருக்கும் வரை அதில் முளைப்பது ஒன்றிரண்டு கிழங்குதான். மற்றவை அதற்கு அடங்கி உறங்கும். மண்வெட்டி விழுந்து சரம் ஐந்து துண்டானால் ஐந்தும் தனித்தனியாக முளைக்கும். மண்ணைக் கிளறித் தூளாக்குகிற ரோட்டவேட்டர் இயந்திரம் விட்டால் இதே கதை இன்னும் பல மடங்கு. 1977இல் உலகக் களைகளை வரிசைப்படுத்திய ஆய்வாளர்கள் முதலிடம் கொடுத்தது கோரைக்குத்தான். உங்கள் ஆள் கெட்டிக்காரர்தான், எதிராளி அப்படிப்பட்டது.

இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று காயவைப்பது, இன்னொன்று பட்டினி போடுவது.

காயவைப்பதற்கு ஊர் வழக்கப்படி கத்திரி வெயிலுக்குக் காத்திருக்காதீர்கள். நான் ஆம்பூர்க்காரி. எங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் உழுது போட்டால் கிழங்கு சுருங்கிச் செத்துவிடும். பெங்களூர் அப்படியல்ல. இங்கே மே மாதம் பகலில் வெயில் அடிக்கும், சாயங்காலம் இடி இடித்துக் கொட்டும். மே மாதச் சராசரி மழை மட்டும் 100 மில்லிமீட்டருக்கு மேல். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றையும் சேர்த்தாலும் 30 மில்லிமீட்டர் தேறுவது கஷ்டம். வெயிலின் சூடு ஏப்ரலில் அதிகம் என்பது வாஸ்தவம்தான். ஆனால் கிழங்கைக் கொல்ல வேண்டியது வறட்சி. அது கிடைப்பது தை பிறந்ததிலிருந்து பங்குனி பாதி வரை.

பொங்கல் கழிந்ததும், மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, நாலு பல் இரும்பு ஃபோர்க்கால் ஒரு சாண் ஆழத்துக்கு நெம்பி, கட்டி கட்டியாகப் புரட்டிப் போடுங்கள். எஸ்.ஜே.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் ஃபோர்க் கிடைக்கும். கட்டியை உடைத்துத் தூளாக்க வேண்டாம். சரத்தைப் பிடித்து இழுத்து, வருகிற கிழங்கை எல்லாம் பொறுக்கிவிடுங்கள். மீதிக்கு வாரம் ஒருமுறை கட்டிகளைப் புரட்டினால் போதும். அந்தப் பாத்திக்குத் தண்ணீர் மட்டும் காட்டவே கூடாது. மேலே கிடந்து காயும் கிழங்கு இரண்டு வாரத்தில் போய்விடும். ஈரமண்ணோடு நார்த் தொடர்பு இருக்கிற கிழங்கு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். புரட்டச் சொல்வது அதனால்தான்.

பிறகு ஏப்ரலில் முதல் மழை விழுந்ததும் தப்பிய கிழங்குகள் முளைக்கும். பதறாதீர்கள், அவை முளைக்கத்தான் வேண்டும். முளைக்கும்போது கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. முளைத்து மூன்று வாரம் ஆனால் இலை சம்பாதிக்க ஆரம்பித்து, கீழே புதுக்கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்கு முன்பு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, களைக்கொத்தால் மேல்மண்ணை ஒட்டிச் சீவிவிடுங்கள். ஆழமாகக் கொத்தக் கூடாது. செலவு மட்டும் இருந்து வரவே இல்லாமல் போனால் கிழங்கு தானாக ஓய்ந்துபோகும். வாரம் தவறினாலும் பரவாயில்லை, மாதம் தவறினால் பழைய கணக்கு திரும்பிவிடும்.

ஜூனில் அந்தப் பாத்தியில் வெங்காயமோ கேரட்டோ போடாதீர்கள். அவற்றின் நிழல் கோரையை அடக்கப் போதாது. சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கமாக நடுங்கள், இல்லாவிட்டால் தட்டைப்பயறு, பூசணி. கோரைக்கு நிழல் ஆகாது. ஒரு வருஷத்தில் முழுதாக ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்த தையில் இதே வேலை உண்டு, ஆனால் பொறுக்க வேண்டிய கிழங்கு குறைந்திருக்கும்.

"கறுப்பு மல்ச்சிங் ஷீட் விரித்துத் தக்காளி நட்டேன். கோரை ஷீட்டையே குத்திக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஷீட் தரமில்லையா?"
– ஹொரமாவு வாசகர்

ஷீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கோரையின் குருத்து ஊசி முனை. இருட்டில் இருக்கும் வரை அது இலையை விரிக்காமல் சுருட்டியபடியே மேலே முட்டும். மெல்லிய கறுப்பு ஷீட்டை அப்படித்தான் துளைக்கிறது. மற்ற களைகளுக்குக் கறுப்பு ஷீட் நன்றாகவே வேலை செய்யும், கோரைக்கு மட்டும் செல்லாது. அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். ஒரு மழைக்கு அட்டை ஊறியதும் கோரை அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கண்ணாடி போன்ற தெளிவான ஷீட் போட்டால் விஷயம் வேறு. வெளிச்சம் பட்டதும் குருத்து ஷீட்டுக்கு அடியிலேயே இலையை விரித்துவிடும். விரித்த இலையால் துளைக்க முடியாது. அங்கேயே வெந்துபோகும். பிப்ரவரி கடைசியில் மண்ணைச் சமன்செய்து, நன்றாக நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் தெளிவான ஷீட்டை மண்ணோடு ஒட்ட இழுத்து விரியுங்கள். ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். ஐந்தாறு வாரம் அப்படியே இருக்கட்டும். இங்கே தண்ணீர் வேண்டும். ஈரமண்தான் சூட்டைக் கீழே கொண்டுபோகும். மேல் 5 சென்டிமீட்டரில் 45 டிகிரியைத் தாண்டினால் விதைகள் நிறையச் சாகும், மேலாகக் கிடக்கிற கிழங்கும் அடிபடும். ஆழத்தில் இருப்பது தப்பிக்கும். அதற்கு வைத்தியம் முன்பு சொன்ன பட்டினிதான்.

ஒரே பாத்தியில் காயவைப்பதையும் ஷீட்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள், ஒன்றுக்கு வறட்சி வேண்டும், மற்றதற்கு ஈரம் வேண்டும். சைட் பெரியது, ஆள் பலம் இருக்கிறது என்றால் காயவைப்பது. சின்னப் பாத்தி, முதுகு வலி என்றால் ஷீட்.

"மாடியில் குரோ பேக்குகளில் கோரை. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை."
– ஸ்ரீராம்புரம் வாசகி

செம்மண்ணோடு வந்திருக்கும், அல்லது நர்சரித் தொட்டியோடு. பை என்றால் அதிர்ஷ்டம் என்று நினையுங்கள். தரையில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. செடி முடிந்ததும் மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, மணல் சலிக்கிற சல்லடையில் சலித்துக் கிழங்கைப் பொறுக்குங்கள். சலித்த மண்ணைத் தளத்தில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு வாரம் காயவிட்டு, பிறகு புது எருவோடு திரும்ப நிரப்புங்கள். பையின் அடிமடிப்பையும் உதறிப் பாருங்கள், கிழங்கு ஒளிகிற இடம் அதுதான்.

"எங்கள் அபார்ட்மென்ட்டில் புல்தரையை ஒட்டிக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். கீரை விதைத்தால் அருகம்புல்தான் வருகிறது. தோட்டக்காரர் 'கரிகே, ஏனு மாடக்காகல்லா' (அருகு, ஒன்றும் செய்ய முடியாது) என்று கன்னடத்தில் கைவிரித்துவிட்டார்."
– சர்ஜாபூர் ரோடு வாசகர்

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'அருகுபோல் வேரூன்றி' என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த அருகுதான் இது. ஆனால் கோரையோடு ஒப்பிட்டால் இது சாது. கிழங்கு கிடையாது. மேலே ஓடும் கொடி, மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டு, இவை இரண்டும்தான். ஒவ்வொரு கணுவும் வேர் பிடிக்கும், எனவே மண்வெட்டியால் துண்டு போடாமல் ஃபோர்க்கால் நெம்பி முழு நீளமாக உருவுங்கள். உருவியதைச் சூடான காங்கிரீட் தளத்தில் பரப்பினால் ஒரு வாரத்தில் வைக்கோலாகிவிடும். அதன் பிறகு கம்போஸ்டில் போடலாம். பச்சையாகப் போட்டால் எருக்குழியே புல்தரையாகும்.

உங்கள் சிக்கல் பாத்திக்குள் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. புல்தரை இருக்கும் வரை அருகு வந்துகொண்டேதான் இருக்கும். வீட்டு ஷெல்ஃபுக்குப் போடுகிற கடப்பாக் கல்லில் நீளத் துண்டுகள் வாங்கி, புல்லுக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு அடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் புதையுங்கள். மேலே மூன்று விரல் தெரியட்டும். கீழே ஓடும் தண்டு கல்லில் முட்டி நிற்கும். மேலே ஏறி வரும் கொடியை மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரியுங்கள். முதலாண்டு கீரை விதைக்க வேண்டாம். அருகுக்கு நடுவே கீரை பொறுக்குவது கண்ணுக்குத் தண்டனை. நாற்று விட்டு நடுகிற கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ் போடுங்கள். பிள்ளையாருக்கு அருகு வேண்டும் என்றால் ஒரு தொட்டியில் தனியாக வளர்த்துக்கொள்ளலாம்.

"பழைய பங்களா வீடு. தோட்டமெங்கும் மூன்று இலையோடு, இளஞ்சிவப்புப் பூவோடு ஒரு செடி. புளியாரை என்று மாமியார் துவையல் அரைக்கிறார். பிடுங்கினால் அடியில் வெங்காயம் மாதிரி இருக்கிறது."
– காக்ஸ் டவுன் வாசகி

நம் ஊர்ப் புளியாரை மஞ்சள் பூப் பூக்கும், தரையோடு படரும். உங்களிடம் இருப்பது அதன் தென்னமெரிக்க, மெக்சிகோப் பக்கத்து உறவு. அழகுக்காக வளர்க்கப்பட்டு, தோட்டக் களையாகிவிட்டது. துவையல் எப்போதாவது என்றால் சரி. இரண்டிலும் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் இருப்பவர்கள் தொட வேண்டாம்.

இது விதையால் பரவுவது அரிது, வேலை எல்லாம் குமிழால்தான். தாய்க்குமிழைச் சுற்றி மிளகளவு, கடுகளவுக் குட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். செடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் தாய் கையோடு வரும், குட்டிகள் உதிர்ந்து மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே இழுக்காதீர்கள். மண் ஈரமாக இருக்கும்போது கைக்கரண்டியால் ஒரு கைப்பிடி மண்ணோடு சேர்த்துத் தோண்டி, உதறாமல் அப்படியே பக்கெட்டில் போடுங்கள். மே, ஜூன் மழையில் புதிதாக இலை விடும்போது செய்தால் குட்டிகள் இன்னும் கட்டியிருக்காது. ஆகஸ்டில் செய்வதை விட அது எவ்வளவோ மேல். நர்சரியிலிருந்து ரோஜா வாங்கினாலும் தொட்டியின் மேல் இரண்டு அங்குல மண்ணை வழித்துத் தனியே கொட்டிவிட்டு நடுங்கள்.

"உப்பு, வினிகர், பாத்திரம் கழுவுகிற சோப்பு கலந்து அடித்தால் களை போய்விடும் என்று வீடியோவில் காட்டினார்கள். உரக்கடையில் கிளைபோசேட் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எது நல்லது?"
– கெங்கேரி வாசகர்

இரண்டும் வேண்டாம். வினிகர் இலையைக் கருக்கும், மறுநாள் பார்க்க நன்றாக இருக்கும், வீடியோவும் அதோடு முடிந்துவிடும். கிழங்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உப்பு மண்ணிலேயே தங்கும். கோரை உப்பைத் தாங்கிவிடும், உங்கள் பீன்ஸ் தாங்காது. வெந்நீர் ஊற்றுவதும் இதே ரகம்தான்.

கிளைபோசேட் இலை வழியாகக் கிழங்கு வரை போகக்கூடிய மருந்து, அதை மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் அதற்கு அனுமதி இருந்தது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடங்களுக்கும்தான், காய்கறிப் பாத்திக்கு அல்ல. 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவு, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் (பெஸ்ட் கன்ட்ரோல் ஆபரேட்டர்கள்) தவிர மற்றவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். 30க்கு 40 அடி சைட்டில், பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போடுகிற தூரத்தில் நின்றுகொண்டு தெளிக்கிற சமாச்சாரமும் இல்லை இது.

"பார்த்தீனியம் பல்லாண்டுக் களையா?"
– வித்யாரண்யபுரம் வாசகர்

இல்லை, விதையால் வருவது. பூக்கும் முன் பிடுங்கினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம், பலருக்குத் தோலில் அரிப்பு கிளம்பும். மழைக்காலத்தில் அதன் இலையைச் சின்ன வண்டு ஒன்று சல்லடையாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிறிய உடம்பில் கருங்கோடுகள் இருக்கும். மெக்சிகோவிலிருந்து தருவித்து 1984இல் முதலில் விட்டதே இந்தப் பெங்களூரில்தான். அதை அடித்துவிடாதீர்கள்.

"பொறுக்கிய கோரைக்கிழங்கை நலங்கு மாவில் சேர்க்கலாமா? நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே!"
– அல்சூர் வாசகி

சேர்க்கலாம், அதே கிழங்குதான். ஆனால் எந்த மண்ணில் விளைந்தது என்று பாருங்கள். ராஜகாலுவே என்கிற பெரிய வடிகால் ஓரம், கட்டட இடிபாடு கொட்டிய சைட், ஏதாவது மருந்து தெளித்த இடம் என்றால் அந்தக் கிழங்கு உடம்பில் பூசுவதற்கு வேண்டாம், கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தமான மண் என்றால் நாரை உருவி, மூன்று நாலு தண்ணீரில் கழுவி, இடித்தால் நொறுங்குகிற வரை வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். முதலில் முழங்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுக் குழந்தைக்குப் பூசுங்கள். கழுவுகிற தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும் முன் வடிகட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கிழங்குகள் அதில்தான் தப்பித்துப் போகும்.